வடிவம் எங்கே இருக்கிறது?

ஒரு புத்தகத்தின் லேஅவுட் கோப்பைப் பிரித்துப் பார்த்தால், நாம் அச்சில் பார்க்கும் பக்கம் அதற்குள் இருக்காது. சொற்கள் இருக்கும். அந்தச் சொற்களுக்கு என்ன எழுத்துரு, எத்தனை பாயிண்ட், வரிக்கு வரி எவ்வளவு இடம், பத்தியின் முதல் வரி எவ்வளவு உள்தள்ளி நிற்க வேண்டும் என்ற கட்டளைகள் இருக்கும். எந்தச் சொல்லோடு வரி முடிகிறது, எந்தப் பத்தி அடுத்த பக்கத்துக்குத் தாவுகிறது என்பதெல்லாம் மென்பொருள் அந்தக் கட்டளைகளைப் படித்துக் கணக்கிட்டுச் சொல்லும் விடைகள்.

கீர்த்தனை ஒன்றை ஸ்வரப்படுத்தி எழுதிய தாளை இரண்டு வித்வான்களிடம் கொடுத்தால் இரண்டு விதமாகத்தான் பாடுவார்கள். தாளில் ஸ்வரம் இருக்கிறது. கமகம் அவரவர் பாடாந்தரத்தில் இருக்கிறது. லேஅவுட் கோப்பிலும் எழுதப்பட்டது பாதி. மீதிப் பாதியை, அதாவது அலகுகளையும் வழக்கங்களையும் கணக்கிடும் முறையையும், மென்பொருள் தன்னிடமே வைத்திருக்கிறது. அதனால்தான் பேஜ்மேக்கரில் செய்த பக்கத்தை இன்டிசைனில் திறந்ததும் வரிகள் நகர்கின்றன, தலைப்பின் கனம் குறைகிறது, கடைசி இரண்டு வரிகள் சட்டத்துக்கு வெளியே போய் மறைகின்றன. கோப்பு கெட்டுவிட்டதாக டிடிபி செய்பவர் நினைப்பார். கெடவில்லை. எழுதப்படாத பாதியை இன்னொருவர் தன் வழக்கப்படி நிரப்பியிருக்கிறார்.

அந்த எழுதப்படாத பாதியில் என்னென்ன இருக்கிறது, அதில் எதையெல்லாம் எழுதப்பட்ட பாதிக்குக் கொண்டுவர முடியும் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி.

மாற்ற வேண்டிய கட்டாயம்

மேசைக் கணினியில் பக்கம் கட்டும் தொழில் 1985இல் பிறந்தது என்று சொல்லலாம். ஆப்பிளின் மெக்கின்டோஷ் முந்தைய ஆண்டே வந்திருந்தது. 1985இல் அதற்கு லேசர்ரைட்டர் அச்சுப்பொறி துணை சேர்ந்தது. ஜான் வார்நாக்கும் சார்லஸ் கெஷ்கியும் தொடங்கிய அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி அந்த அச்சுப்பொறிக்குள் இருந்தது. சியாட்டிலில் பால் பிரெய்னெர்ட் நிறுவிய ஆல்டஸ், அதே ஆண்டில் பேஜ்மேக்கரை வெளியிட்டது. வெனிஸ் நகரின் பழைய அச்சாளர் ஆல்டஸ் மனூட்டியஸின் பெயர்தான் அந்த நிறுவனத்துக்கு.

1987இல் குவார்க் எக்ஸ்பிரஸ் வந்தது. பத்திரிகை அலுவலகங்கள் பலவும் தொண்ணூறுகளில் அதற்கு மாறின. 1994இல் ஆல்டஸை அடோபி தன்னோடு இணைத்துக்கொண்டது. 1999இல் அடோபி இன்டிசைனைக் கொண்டுவந்தது. 2001இல் வெளியான பேஜ்மேக்கர் 7 தான் அந்த வரிசையின் கடைசிப் பெரிய பதிப்பு. கட்டற்ற மென்பொருளான ஸ்கிரைபஸ், 2019இல் வந்த அஃபினிட்டி பப்ளிஷர் என்று பட்டியல் பிறகும் நீண்டது.

ஒரு நல்ல புத்தகம் ஐம்பது ஆண்டுகள் மறுபதிப்பு காணும். அதைக் கட்டிய மென்பொருள் பதினைந்து, இருபது ஆண்டுகளில் ஓய்ந்துவிடுகிறது. ஆகவே இடம்மாற்றம் எப்போதாவது வரும் விபத்து என்று இருந்துவிட முடியாது. பதிப்புத் தொழிலில் அது தலைமுறைக்கு ஒருமுறையாவது செய்தாக வேண்டிய வேலை.

ஒரே எண், வேறு அலகு

எழுதப்படாத பாதியில் முதலில் வருவது அலகு. எழுத்துகளுக்கு இடையே உள்ள இடத்தை ஒட்டுமொத்தமாகக் கூட்டிக் குறைப்பதை டிராக்கிங் என்கிறோம். குவார்க் எக்ஸ்பிரஸில் டிராக்கிங்கின் ஒரு படி என்பது ஓர் 'எம்' அகலத்தில் 200இல் ஒரு பங்கு. இன்டிசைனில் அது 1000இல் ஒரு பங்கு. குவார்க்கில் 10 என்று இருப்பது இன்டிசைனில் 50 ஆக வேண்டும்.

பெருக்கத் தவறினால் என்ன ஆகும்? 11 பாயிண்ட் எழுத்தில், வரிக்கு 60 எழுத்துகள் உள்ள ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம். வரியைக் கொஞ்சம் இறுக்குவதற்காக குவார்க்கில் கழித்தல் 2 என்று கொடுத்திருக்கிறார்கள். அதன் பொருள் எழுத்துக்கு ஆயிரத்தில் பத்துப் பங்கு குறைப்பு. அதே கழித்தல் 2 மாறாமல் இன்டிசைனுக்கு வந்தால், ஆயிரத்தில் இரண்டு பங்குதான் குறையும். எழுத்துக்கு எட்டுப் பங்கு வித்தியாசம். 60 எழுத்துக்கும் சேர்த்தால் 5.28 பாயிண்ட். ஓர் எழுத்தின் அகலம் அளவுக்கு வரி நீண்டுவிட்டது. கடைசிச் சொல் கீழே இறங்க இது போதும். அது இறங்கினால் அடுத்த வரி மாறும். பத்தி ஒரு வரி கூடும். பக்கத்தின் கடைசி வரி அடுத்த பக்கத்துக்குப் போகும். 160 பக்கத்தில், பத்து ஃபாரத்தில் கச்சிதமாக முடிந்த புத்தகம் 163 பக்கமாகி நின்றால், அந்த மூன்று பக்கத்துக்காகப் பதினோராவது ஃபாரம் ஓட்ட வேண்டும். காகிதச் செலவு வரை போகிற சங்கதி இது.

அலகுக்குள்ளே இன்னோர் அலகு ஒளிந்திருக்கிறது. 'எம்' என்பது எழுத்தின் பாயிண்ட் அளவுக்குச் சமமான அகலம் என்றே பொதுவாகக் கொள்வார்கள்: 12 பாயிண்ட் எழுத்துக்கு எம் 12 பாயிண்ட். பழைய குவார்க், தனியாகச் சொல்லாதவரை, எம்மை வேறு விதமாக அளந்தது: அந்த எழுத்துருவில் இரண்டு சுழியங்களின் அகலம்தான் அதற்கு எம். டைம்ஸ் எழுத்துருவில் சுழியம் சரியாக அரை எம் என்பதால் இரண்டு கணக்கும் ஒத்துப்போகும். ஹெல்வெட்டிகாவில் சுழியத்தின் அகலம் ஆயிரத்தில் 556 பங்கு. இரண்டு சுழியம் 1112. 12 பாயிண்ட் ஹெல்வெட்டிகாவில் குவார்க்கின் எம் 13.344 பாயிண்ட் ஆகிவிடும். ஒரே கோப்பில் டைம்ஸ் பத்திகள் சரியாகவும் ஹெல்வெட்டிகா பத்திகள் பிசகியும் வருவது மாயமாகத் தோன்றும். காரணம் சுழியத்தின் அகலத்தில் இருக்கிறது.

பாயிண்ட் கூட எல்லா இடத்திலும் ஒன்றல்ல. போஸ்ட்ஸ்கிரிப்ட் வழி வந்தவை அங்குலத்துக்கு 72 பாயிண்ட் என்று கொள்கின்றன. ஈய எழுத்துக் காலத்து அமெரிக்க மரபைப் பின்பற்றும் டெக் மென்பொருளில் அங்குலத்துக்கு 72.27.

வரியின் உயரம் யாருடைய சொத்து?

அடுத்தது லீடிங், வரிக்கு வரி உள்ள இடம். 11 பாயிண்ட் எழுத்து, 14 பாயிண்ட் லீடிங் என்று இரண்டு மென்பொருளிலும் ஒரே எண்ணைக் கொடுக்கலாம். ஆனால் அந்த 14 பாயிண்ட் எதற்குச் சொந்தம் என்பதில் அவை வேறுபடுகின்றன. குவார்க்கில் லீடிங் பத்தியின் பண்பு. பத்தி முழுவதற்கும் ஒரே மதிப்பு. இன்டிசைனில், விருப்பத் தேர்வை மாற்றாதவரை, அது ஒவ்வோர் எழுத்தின் பண்பு. வரியில் உள்ள எழுத்துகளில் எதற்கு லீடிங் மிக அதிகமோ அதுவே வரியின் உயரத்தைத் தீர்மானிக்கும். பத்தியின் நடுவே ஒரே ஒரு சொல்லை, ஏன், கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றிடத்தை, பெரிய லீடிங்கோடு ஒட்டிவிட்டால், அந்த ஒரு வரி மட்டும் கீழே தள்ளி நிற்கும். திரையில் பார்ப்பவருக்கு அங்கே எதுவும் தவறாகத் தெரியாது, இடைவெளியைத் தவிர.

பேஜ்மேக்கரின் வழக்கம் வேறு. அது வரியை ஒரு பட்டையாகக் கொண்டது. வழக்கமான முறையில் அந்தப் பட்டையின் மூன்றில் இரண்டு பங்கு எழுத்தின் அடிக்கோட்டுக்கு மேலேயும், ஒரு பங்கு கீழேயும் இருக்கும். இன்டிசைன் அடிக்கோட்டிலிருந்து அடிக்கோட்டுக்கு அளக்கிறது. சட்டத்தின் முதல் வரியை எழுத்துருவின் மேல்முனையை வைத்து நிறுத்துகிறது. ஆகவே எண்கள் அத்தனையும் சரியாக இடம்மாறினாலும், பெட்டிக்குள் இருக்கும் பத்தி மொத்தமாகச் சிறிது மேலோ கீழோ நகரும். பக்கத்து நெடுவரிசையோடு வரிகள் நேர்கோட்டில் நிற்காமல் போவதற்கு இது ஒரு பொதுவான காரணம்.

வரி எங்கே முறிகிறது?

அலகுகளையெல்லாம் சரிசெய்தாலும் வரிகள் அப்படியே விழும் என்பதற்கு உறுதியில்லை. வரியை எங்கே முறிப்பது என்பது ஒரு கணக்கு. அதை இரண்டு விதமாகப் போடலாம்.

முதல் வழி எளியது. சொற்களை ஒவ்வொன்றாக வரியில் அடுக்கு. இனி இடமில்லை என்றதும் முறி. அடுத்த வரிக்குப் போ. முடிந்த வரியைத் திரும்பிப் பார்க்காதே. பேஜ்மேக்கரும் பழைய குவார்க்கும் வரிவரியாகவே போயின. இதில் ஒரு வரி அழகாக அமைந்து, அதற்கு விலையாக அடுத்த வரி ஓட்டை ஓட்டையாக நிற்கலாம்.

இரண்டாவது வழியை டொனால்டு கனூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார்கள். ஒரு பத்தியில் வரி முறியக்கூடிய இடங்களையெல்லாம் கணக்கில் எடு. சொல் இடைவெளி எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு இறுகுகிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு வரிக்கும் தண்டனை மதிப்பெண் போடு. பத்தி முழுவதற்குமான மொத்தத் தண்டனை எந்த முறிப்பு வரிசையில் மிகக் குறைவோ அதைத் தேர்ந்தெடு. கனூத்தின் டெக் மென்பொருள் இப்படித்தான் வேலை செய்கிறது. இன்டிசைனின் பத்தி அமைப்பானும் பத்தியை முழுதாகப் பார்த்தே முடிவெடுக்கிறது. ஒன்பதாம் வரியில் ஒரு சொல்லைத் திருத்தினால் மூன்றாம் வரி மாறுவதை அதில் பார்க்கலாம்.

ஆக, ஒரே சொற்கள், ஒரே எழுத்துரு, ஒரே அகலம் கொடுத்தும் இரண்டு முறைகளும் இரண்டு விதமான பத்திகளைத் தரும். இதில் எதுவும் பிழையில்லை. இதன் மேல் சொல் பிரிப்பு விதிகள் வேறு சேர்கின்றன. ஆங்கிலச் சொற்களை எங்கே பிரிக்கலாம் என்பதற்கு பிராங்க் லியாங் 1983இல் உருவாக்கிய எழுத்து வடிவக் கோவைகளைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். வேறு சிலர் தங்கள் சொந்த அகராதியை வைத்திருக்கிறார்கள். அகராதி மாறினால் முறிவும் மாறும்.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் கறாரானது. வரி முறிவு அப்படியே இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்து இடம்மாற்றத்தைத் தொடங்கக் கூடாது. காப்பாற்றக் கூடியது எது என்று கேட்க வேண்டும்.

பெயர் உள்ளது பிழைக்கும்

ஒரு நூலில் நாற்பது உள்தலைப்புகள் இருக்கின்றன. ஒருவர் ஒவ்வொரு தலைப்பையும் தேர்ந்தெடுத்து, எழுத்துருவை மாற்றி, 16 பாயிண்ட் ஆக்கி, தடிமனாக்கி, மேலே இடம்விட இரண்டு முறை என்டர் தட்டுகிறார். இன்னொருவர் 'உள்தலைப்பு' என்ற பெயரில் ஒரு ஸ்டைல் உருவாக்கி, நாற்பது இடத்திலும் அந்தப் பெயரைச் சூட்டுகிறார். அச்சில் இரண்டும் ஒன்றுதான். கோப்பில் ஒன்றல்ல.

முதலாமவரின் கோப்பில், இது தலைப்பு என்ற செய்தி எங்கும் இல்லை. பெரிய எழுத்தில் சில சொற்கள் என்றுதான் இருக்கிறது. இடம்மாறும்போது எண்கள் சற்றுப் பிசகினால், நாற்பதையும் கையால் தேட வேண்டும். இரண்டாமவரின் கோப்பில் எண்கள் அத்தனையும் அழிந்தாலும் 'உள்தலைப்பு' என்ற பெயர் மிஞ்சினால் போதும். புதிய மென்பொருளில் அந்தப் பெயருக்கு ஒருமுறை வடிவம் கொடுத்தால் நாற்பதும் சீராகும்.

சொல்லும் பொருளை அதன் தோற்றத்திலிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் டிடிபிக்கும் மூத்தது. 1967இல் கனடா அரசு அச்சகத்தில் பேசிய வில்லியம் டன்னிகிளிஃப் அதை முன்வைத்தார். 1969இல் ஐபிஎம்மில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி மூவரும் அதற்கு ஒரு குறிமொழியே உருவாக்கினார்கள். அதன் வழியில் வந்த எஸ்ஜிஎம்எல் 1986இல் உலகத் தரமானது. இன்றைய இணையப் பக்கங்களின் எச்டிஎம்எல்லும், இன்டிசைனின் பரிமாற்றக் கோப்பில் உள்ள எக்ஸ்எம்எல்லும் அந்தக் குடும்பத்தின் வாரிசுகள்.

ஆனால் பெயரால் வராத வடிவம் ஒன்றும் பக்கத்தில் உண்டு. பத்தியின் நடுவே ஒரே ஒரு சொல் மட்டும் சாய்வெழுத்து; ஓர் எண் மட்டும் மேலெழுத்து. இதைத் தனித் திருத்தம் என்று மென்பொருள் கருதுகிறது. இன்டிசைனில் ஸ்டைல் பெயரின் பக்கத்தில் கூட்டல் குறி தெரிந்தால், அங்கே தனித் திருத்தம் இருக்கிறது என்று பொருள். அழுக்கு நிறைந்த கோப்பைச் சுத்தம் செய்யக் கிளம்புபவர், தனித் திருத்தங்கள் அனைத்தையும் ஒரே சொடுக்கில் நீக்குகிறார். வேண்டாத எழுத்துரு மாற்றங்கள் போகின்றன. கூடவே 10⁶ என்பது 106 ஆகிறது. பத்து லட்சம், நூற்று ஆறாகச் சுருங்கிவிட்டது. '1947' என்ற ஆண்டுக்கு மேல் நின்ற அடிக்குறிப்பு எண் கீழே இறங்கி '19471' ஆகிறது. எழுத்துப் பிழை திருத்தும் எந்த மென்பொருளும் இதைப் பிடிக்காது. 106 என்பது முறையான எண்தானே.

ஆகவே தோற்றம் அலங்காரம் என்று நினைப்பவர்கள் அறிவியல் நூலை இடம்மாற்றக் கூடாது. மேலெழுத்து, கீழெழுத்து, உயிரினப் பெயர்களின் சாய்வெழுத்து ஆகியவற்றுக்கு முதலில் எழுத்து ஸ்டைல்களாகப் பெயர் கொடுத்துவிட்டு, அதன் பிறகே மற்ற திருத்தங்களை நீக்க வேண்டும்.

பெயருக்கும் ஓர் ஆபத்து உண்டு. இரண்டு கோப்புகளில் ஒரே பெயருள்ள ஸ்டைல் இருந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒட்டினால், இன்டிசைனில் உரை வந்து சேரும் கோப்பின் வரையறையே வெல்லும். 'பத்தி' என்ற பெயர் இரண்டு நூல்களிலும் இருந்தால் வந்த உரை சத்தமில்லாமல் உருமாறும். பெயரின் முன்னால் நூலின் பெயரையும் சேர்த்து வைப்பது அதற்கு மருந்து.

எழுத்துருவே எழுத்தாக இருந்த காலம்

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் ஒரு படி ஆழமானது. யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் பேஜ்மேக்கர் கடைசி வரை யூனிகோடு அறியாமலேயே போய்ச் சேர்ந்தது. அதனால் தமிழ்ப் பதிப்புலகம் வேறு வழி கண்டது: ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்த எழுத்துருக்கள். பாமினி அவற்றில் பரவலானது. பாமினியில் 'தமிழ்' என்ற சொல் கோப்பில் எப்படி இருக்கிறது? ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். ஜே இருக்கும் இடத்தில் 'த', கே இடத்தில் 'ம', பி இடத்தில் இகரக் குறி, ஓ இடத்தில் 'ழ', அரைப்புள்ளி இடத்தில் மெய்ப்புள்ளி.

அந்த ஐந்து குறிகளைத் தமிழாக்குவது எழுத்துருவின் பெயர் ஒன்றே. அந்தப் பெயர் தொலைந்தால் உரையே தொலைந்தது. வேறு மொழிகளில் எழுத்துரு மாறினால் தோற்றம் மாறும். இங்கே தமிழ் ஆங்கிலக் கிறுக்கலாகிவிடும். பத்தியில் உண்மையான ஆங்கிலச் சொற்களும் கலந்திருந்தால், எது ஆங்கிலம், எது தமிழ் என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி எழுத்துருதான். வெறும் உரையாக எடுத்து யூனிகோடு மாற்றியில் போட்டால், 'நியூட்டன்' என்று ஆங்கிலத்தில் இருந்த பெயரும் அர்த்தமற்ற தமிழாகிவிடும்.

மென்பொருளின் நல்லெண்ணமும் இங்கே கேடாகும். ஆங்கில உரை என்று நம்பி அது சொல் பிரிப்பை இயக்கினால், தமிழ் எழுத்தின் நடுவே சிறுகோடு விழும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று ஒதுக்குவது குறியேற்றம். எட்டு பிட் குறியேற்றங்களில் 173ஆம் இடம் பல மென்பொருள்களுக்கு மென்கோடு, அதாவது தேவைப்பட்டால் மட்டும் தெரியும் இணைப்புக்கோடு. தமிழுக்கென உருவான டிஸ்கி குறியேற்றத்தில் அந்த இடத்தில் இருந்தது 'இ'. சில மென்பொருள்களில் அந்த எழுத்து காணாமல் போனதால் அதற்கு வேறோர் இடமும் ஒதுக்க நேர்ந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் தமிழ்நாடு அரசு டாம், டாப் குறியேற்றங்களை அறிவித்தது. அப்போதும் பழைய எழுத்துருக்கள் அச்சகங்களில் தொடர்ந்தன. ஆகவே ஒரு பதிப்பகத்தின் பழைய கோப்புகளில் மூன்று, நான்கு குறியேற்றங்கள் கலந்து கிடப்பது சாதாரணம்.

யூனிகோடுக்கு மாற்றும்போது வரிசையும் மாறுகிறது. 'கொ' என்பதை பாமினி கண்ணில் படும் ஒழுங்கில் வைக்கிறது: முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு 'க', பிறகு கால். யூனிகோடு ஒலிக்கும் ஒழுங்கில் வைக்கிறது: முதலில் 'க', பிறகு ஒகரக் குறி. மாற்றி இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால்தான் சரியாக மாற்ற முடியும். அழகு பார்க்கும் வடிவமைப்பாளர் ஒருவர் கொம்புக்கும் 'க'வுக்கும் இடையே கெர்னிங் செய்து இடத்தைக் குறைத்திருந்தால்? மென்பொருள் அந்தக் கொம்பைத் தனி வடிவம் கொண்ட தனித் துண்டாகப் பிரித்து வைத்திருக்கும். துண்டு துண்டாக மாற்றும் நிரல், கொம்பை அநாதையாக ஒரு துண்டிலும் 'கா'வை அடுத்த துண்டிலும் விட்டுவிடும். திரையில் ஒரு புள்ளி வட்டத்தோடு கொம்பு தொங்கும். மாற்றுவதற்கு முன் கையால் செய்த கெர்னிங்கை எல்லாம் நீக்கிவிட வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். புதிய எழுத்துருவுக்கு அந்தக் கெர்னிங் எப்படியும் பொருந்தாது.

மாற்றி முடித்த பின்னும் ஒரு படி இருக்கிறது. இன்டிசைனில் இந்திய மொழிகளுக்கான ஆதரவு 2012இல் வந்த சிஎஸ்6 பதிப்பில்தான் முறையாகச் சேர்ந்தது. அதற்கு 'வேர்ல்டு ரெடி' எனப்படும் அமைப்பானைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தேர்வு பத்தியின் பண்பு. வழக்கமான அமைப்பானை வைத்திருக்கும் ஸ்டைலில் தமிழை ஊற்றினால், கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். உரை சரி, எழுத்துரு சரி, ஆனாலும் பக்கம் படிக்க முடியாது. ஆகவே தமிழ் நூலின் ஒவ்வொரு பத்தி ஸ்டைலிலும் இந்தத் தேர்வை உள்ளே வைத்துவிட வேண்டும். ஸ்கிரைபஸிலும் தமிழ் எழுத்துகள் ஒழுங்காகக் கோவையாகத் தொடங்கியது 1.5 வரிசையில்தான்.

தடிமனுக்கும் ஒரு சிறு கதை உண்டு. பழைய தமிழ் எழுத்துருக்கள் பல ஒரே கனத்தில்தான் வந்தன. பேஜ்மேக்கரில் தடிமன் பொத்தானை அழுத்தினால் விண்டோஸ் செயற்கையாகக் கனம் கூட்டிக் காட்டும். இன்டிசைன் அப்படிச் செய்வதில்லை. தடிமன் எழுத்துரு உண்மையிலேயே இருந்தால்தான் தடிமன். தலைப்புகள் மெலிந்து வருவதற்குக் காரணம் அதுதான்.

பாலங்களும் அவற்றின் சுமையளவும்

ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் வழிகள் சில உண்டு. ஒவ்வொன்றும் வேறு அளவு சுமை தாங்கும்.

நேரடியாகத் திறப்பது ஒன்று. இன்டிசைனின் பழைய பதிப்புகள் பேஜ்மேக்கர் 6 முதல் 7 வரையும், குவார்க் 3.3, 4 பதிப்புகளையும் திறந்தன. 2014இல் தொடங்கிய ஆவண விடுதலைத் திட்டத்தின் உழைப்பால் லிப்ரே ஆபிஸின் வரைகலைச் செயலியும் பேஜ்மேக்கர் கோப்புகளைப் படிக்கும். மூடிய வடிவங்களைப் பிரித்து ஆராய்ந்து எழுதப்பட்ட நிரல்கள் அவை. பெட்டிகளின் இடமும் உரையும் பெரும்பாலும் வரும். நுணுக்கங்கள் வரும் என்று நம்பக் கூடாது.

1987இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஆர்டிஎஃப் இரண்டாவது. ஸ்டைல் பெயர், தடிமன், சாய்வு, மேலெழுத்து ஆகியவற்றைச் சுமக்கும். பக்க அமைப்பைச் சுமக்காது.

டேக் உரை மூன்றாவது. குவார்க்குக்கு ஒன்று, இன்டிசைனுக்கு ஒன்று என்று தனித்தனி குறிமொழிகள். வெறும் உரைக் கோப்பிலேயே ஸ்டைல் பெயர்களும் எழுத்து வடிவங்களும் கண்ணுக்குத் தெரியும்படி எழுதப்பட்டிருக்கும். ஒன்றிலிருந்து மற்றதற்குத் தேடி மாற்றுவதால் மட்டுமே போய்விடலாம். அலகுப் பெருக்கலையும் அங்கேயே முடிக்கலாம். இன்டிசைன் டேக் கோப்பின் முதல் வரியில் குறியேற்றமும் கணினி வகையும் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் டேக்குகள் எல்லாம் சாதாரண உரையாகப் பக்கத்தில் வந்து விழும்.

நான்காவது ஐடிஎம்எல். 2008இல் இன்டிசைன் சிஎஸ்4 உடன் வந்தது. பார்க்க ஒரே கோப்பு. உண்மையில் அது ஒரு ஜிப் பொதி. பிரித்தால் உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகள்: உரைகள் ஒரு கோப்புறையில், பக்கங்கள் ஒன்றில், ஸ்டைல்களும் எழுத்துருப் பட்டியலும் இன்னொன்றில். ஒவ்வோர் உரையும் பத்தி ஸ்டைல் துண்டு, அதற்குள் எழுத்து ஸ்டைல் துண்டு, அதற்குள் சொற்கள் என்று அடுக்கப்பட்டிருக்கும். ஸ்கிரைபஸும், 2020 முதல் அஃபினிட்டி பப்ளிஷரும் இதைப் படிக்கின்றன. இதிலும் இருப்பவை கட்டளைகளே. வரி முறிவுகள் இல்லை. எழுத்துருக்களையும், இணைப்பாக வைத்த படங்களையும் தனியே எடுத்துச் செல்ல வேண்டும்.

பிடிஎஃப் இவற்றுக்கு நேர் எதிர். இந்த எழுத்து வடிவம் தாளின் இந்த இடத்தில் என்று விடைகளை மட்டும் அது சேமிக்கிறது. சாதாரண பிடிஎஃப்பில் பத்தி என்ற கருத்தே இல்லை. அச்சுக்கு அதைவிட நம்பகமானது கிடையாது. திருத்துவதற்கு அதைவிட மோசமானதும் கிடையாது. ஆனால் இடம்மாற்றத்தில் அதற்கு ஒரு முக்கிய வேலை இருக்கிறது: சாட்சி சொல்வது.

வேலையின் ஒழுங்கு

பழைய கோப்பு பழைய கணினியில் திறக்கும் வரைக்கும், அதிலிருந்து பிடிஎஃப் எடுத்து வைப்பது முதல் வேலை. பக்கம் எப்படி இருந்தது என்பதற்கு அதன் பின் வேறு ஆதாரம் கிடைக்காது. இரண்டாவது, பழைய மென்பொருளுக்குள்ளேயே சுத்தம் செய்வது: தட்டிச் சேர்த்த வெற்றிடங்களையும் என்டர்களையும் நீக்கி, பெயரில்லாத வடிவங்களுக்குப் பெயர் கொடுப்பது. மேலெழுத்துக்கும் சாய்வெழுத்துக்கும் பெயர் கொடுக்க அந்த மென்பொருளில் வழியில்லையென்றால், உரையில் வேறெங்கும் வராத குறிகளை அவற்றின் இருபுறமும் இட்டுவிடலாம். புதிய இடத்தில் இன்டிசைனின் கிரெப் எனப்படும் வடிவொழுங்குத் தேடல் அந்தக் குறிகளுக்கு இடையே உள்ளதைப் பிடித்து எழுத்து ஸ்டைல் கொடுத்து, குறிகளை அழித்துவிடும். வழியில் பாலம் எதைத் தொலைத்தாலும் இந்தக் குறிகள் தொலையாது. அவை உரையின் பகுதி.

தமிழ் நூலானால் குறியேற்ற மாற்றம் மூன்றாவது. எழுத்துரு வாரியாக, கெர்னிங் நீக்கிய பிறகு, ஆங்கிலத் துண்டுகளைத் தொடாமல். நான்காவது, புதிய மென்பொருளில் ஸ்டைல்களுக்கு வடிவம் கொடுத்து, உரைப்பெட்டிகளின் மூலையில் சிவப்புக் கூட்டல் குறி தெரிகிறதா என்று பார்ப்பது. தெரிந்தால் உரை நிரம்பி வழிகிறது. கடைசியாக, பழைய பிடிஎஃப்பையும் புதியதையும் பக்கத்தில் வைத்து மெய்ப்புப் பார்ப்பது. வரி முறிவு ஒத்திருக்கிறதா என்று தேட வேண்டாம். எண்கள், மேலெழுத்துகள், அட்டவணைகள், அடிக்குறிப்புகள், பத்தி எல்லைகள், பொருளடக்கத்தின் பக்க எண்கள் இவற்றைத்தான் ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும்.

இந்த வேலை முடிந்ததும் மூன்றைச் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும்: விடையைக் காட்டும் பிடிஎஃப், கட்டளைகளைச் சொல்லும் ஐடிஎம்எல் அல்லது டேக் உரை, இரண்டுக்கும் தேவையான எழுத்துருக்கள். மென்பொருளின் மூடிய கோப்பு மட்டும் கையில் இருந்தால், அதைத் திறக்கும் நிரல் உள்ள வரைதான் நூல் நம்முடையது.

நூலின் வடிவம் என்று நாம் சொல்வது கோப்பில் பாதியும் மென்பொருளில் பாதியுமாகக் கிடக்கிறது. மென்பொருளில் இருக்கும் பாதி நம் கையில் இல்லை. அதன் நிறுவனம் விற்கப்படலாம், நிறுத்தப்படலாம். இது ஏன் பெரிதாக இருக்கிறது, இது ஏன் சாய்ந்திருக்கிறது என்ற காரணத்தைப் பெயராக எழுதி வைத்தால், அந்த அளவுக்கு வடிவம் நம் பக்கம் வந்துவிடுகிறது. முதல் பதிப்பை வடிவமைக்கிறவர் பெயர் சூட்டச் செலவிடும் ஒரு மணி நேரம், இருபது ஆண்டு கழித்து மூன்றாம் பதிப்பைத் தயாரிப்பவருக்கு ஒரு மாத உழைப்பை மிச்சப்படுத்தலாம். அவர் எந்த மென்பொருளில் வேலை செய்வார் என்று இன்று யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் பெயர் சூட்டியவருக்கு இல்லை.